கலியோப்பியின் வெள்ளிக் கொக்கி

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசற்படி தேய்க்கும் வழக்கம் பால்டிமோரில் எந்தக் கிரேக்க வீட்டிலும் கிடையாது. சனிக்கிழமையே தேய்த்து முடித்துவிட்டு, ஞாயிறு கோயிலுக்குப் போகிற வழியில் அடுத்த வீட்டுப் படியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதுதான் முறை. அப்படியிருக்க, காலை ஏழு மணிக்கே செவஸ்தி தெருவில் முழங்காலிட்டு, நேற்றுத் தேய்த்த அதே மூன்று பளிங்குப் படிகளை இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் அழுக்கே இல்லை. அக்காவின் கழுத்தைத்தான் பிடிக்க முடியாது, பிரஷ்ஷையாவது பிடிக்கலாமே என்றுதான்.

எதிர் வீட்டுப் போலந்துக்காரி ஜன்னலைத் திறந்து, "என்ன செவஸ்தி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே!" என்றாள்.

"எங்க வீட்லயும் காலண்டர் இருக்கு," என்று சொல்லி செவஸ்தி வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள். போலந்துக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை வந்து இறங்கிய அக்கா ரிகோபுலாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறக்கக்கூடிய ஆளா அவள்? கார்ப்பதோஸ் தீவிலிருந்து இரண்டு பெட்டி, கறுப்புத் தலைத்துணி, முழங்கால் வரைக்கும் ஏறுகிற தோல் பூட்ஸ் சகிதமாக விமானத்தில் வந்தவள். தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் கறித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மாவோட கொக்கி எங்க?" என்று கேட்டாளே, அதோடு நாம் நிறுத்தியிருந்தோம்.

கொக்கி என்றால் ஏதோ ரவிக்கைக் கொக்கி என்று நினைத்துவிட வேண்டாம். மணப்பெண் இடுப்பில் கட்டுகிற கச்சையை முன்பக்கம் சேர்த்துப் பூட்டுகிற வெள்ளிக் கொக்கி. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு தகடுகள், மாங்காய் வடிவம், நடுவில் ஆளுக்கொரு சிவப்புக் கல். ரிகோபுலாவும் செவஸ்தியும் பிறப்பதற்கு முன்பே மூன்று தலைமுறை மணப்பெண்களின் இடுப்பைப் பார்த்தது அது.

அந்தத் தீவில் அம்மா வழிச் சொத்து முழுவதும் மூத்த மகளுக்குத்தான். வீடு, நிலம், ஒலிவ மரம், நகை எல்லாமே. அவளைக் கனக்கரா என்பார்கள். அவளுக்கு அம்மாவின் அம்மா பெயரைத்தான் வைப்பார்கள். பெயர் எங்கே போகிறதோ சொத்தும் அங்கேயே போகும். ரிகோபுலாவுக்குப் பாட்டி பெயர். ரிகோபுலாவுக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கு அம்மா கலியோப்பியின் பெயர். இப்படியே மாறி மாறி.

சரி, இரண்டாவதாகப் பிறந்தவளுக்கு என்ன? அக்கா வீட்டில் வேலை. பத்து வயதில் ரிகோபுலாவின் அடுப்படிக்குள் நுழைந்த செவஸ்தி இருபத்திரண்டு வயதில்தான் வெளியே வந்தாள். மாவு பிசைந்தாள், தண்ணீர் சுமந்தாள், அக்கா பெற்ற மூன்று பையன்களுக்கும் குண்டி கழுவிவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் பால்டிமோரிலிருந்து பனாகோஸ் என்பவனின் போட்டோ வந்தது. மூக்கு சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மூக்கையே பார்க்காமல் செவஸ்தி கப்பல் ஏறினாள்.

கிளம்பும்போது அம்மா ஒரு வட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மூன்றாவது நாள் நடுக்கடலில் அதைப் பிட்டபோது உள்ளே வெள்ளிக் கொக்கி இருந்தது. இருபத்துநாலு வருஷமாக அது செவஸ்தியின் பெட்டியில் இருக்கிறது. அந்த வீட்டில் அவளுக்கென்று கிடைத்த ஒரே கூலி அது. அதைத்தான் அக்கா திருப்பிக் கேட்கிறாள்.

செவஸ்தி வாளியோடு உள்ளே போனபோது, சமையலறை மேஜை முன்னால் ரிகோபுலா சப்பணமிடாத குறையாக விஸ்தாரமாக உட்கார்ந்திருந்தாள்.

"காபி," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். செவஸ்தியின் கை தானாகவே செம்புப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தது. தீவை விட்டு இத்தனை வருஷமாகியும் கைக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. கோப்பையை வைத்த பிறகுதான் செவஸ்திக்கு உறைத்தது. தன் கையை நினைத்தே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரிகோபுலா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "நுரையே இல்ல. உனக்கு எப்பவுமே நுரை நிக்காது."

"வேணும்னா நீயே போட்டுக்க. இது ஒண்ணும் உன் வீடு இல்ல."

"என் வீடா இருந்தா நின்னிருக்கும்."

"அக்கா, காலங்காத்தால என் வாயக் கிண்டாதே. கொக்கி உனக்குக் கிடையாது. அம்மா எனக்குக் கொடுத்தது."

"கொடுத்தாளா?" ரிகோபுலா கோப்பையை நங்கென்று வைத்தாள். "கொடுக்கிறவ கையில கொடுப்பாடி. ரொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சு அனுப்புறதுக்குப் பேரு கொடுக்கிறதா? ஆறு மாசம் நான் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்திருப்பான்னு ஊரைக் கூட்டிக் கத்தினேன். அந்தப் பாவி மகராசி சாகிற வரைக்கும் என் முகத்துல முழிக்கல. அம்மா அத்தனையும் பாத்துக்கிட்டு வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உக்காந்திருந்தா. படுத்த படுக்கையான பிறகுதான் உண்மையச் சொன்னா. அப்ப நான் யாரு மேல கோவப்படறது? சாகப்போறவ மேலயா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பன்னெண்டு வருஷம் உன் வீட்ல மாடா உழைச்சேன். ஒரு நாளாவது 'சாப்டியா'ன்னு கேட்டிருப்பியா?"

"என்னை மட்டும் யாரு கேட்டாங்க? சரி, அத விடு. கொக்கிய நான் எனக்காகக் கேக்கல. இந்த இடுப்புக்கு அது எட்டவும் எட்டாது. போப்பிக்குக் கொடு."

போப்பி செவஸ்தியின் இரண்டாவது மகள். முழுப்பெயர் கலியோப்பி. பத்தொன்பது வயது. பக்கத்து அறையில்தான் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். எட்டு விரிப்புகளும் பதினாறு தலையணை உறைகளும் மதியத்துக்குள் மடிப்புக் கலையாமல் தயாராக வேண்டும். பேச்செல்லாம் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. இஸ்திரிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"லில்லிக்குத்தான் கல்யாணம், போப்பிக்கு இல்ல," என்றாள் செவஸ்தி.

"அம்மா பேரு யாருக்கு இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, பாதி முகத்தில் சவர நுரையோடு பனாகோஸ் வந்து சேர்ந்தான். வராமல் இருந்திருக்கலாம்.

"மூத்தவளுக்கு எங்கம்மா பேர வச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது," என்று அவனைப் பார்த்துச் சொன்னாள் ரிகோபுலா.

"ஏன், எங்கம்மா பேருக்கு என்ன குறைச்சல்? லிகேரி! எவ்வளவு அழகான பேரு! எங்க ஊரு மானிப் பக்கத்துல மூத்த பொண்ணுக்கு அப்பனைப் பெத்தவ பேருதான்."

"உங்க பக்கத்துல எல்லாமே தலைகீழா நடக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"செவஸ்தி, உங்கக்கா நம்ம வீட்ல உக்காந்துகிட்டு எங்கம்மாவப் பேசுறா!"

"நீங்க முதல்ல போய் மிச்சப் பாதித் தாடிய எடுங்க. அரை முகத்தோட சண்டைக்கு வராதீங்க," என்றாள் செவஸ்தி.

பனாகோஸ் போய்விட்டான். ஆனால் செவஸ்திக்கு நெஞ்சுக்குள் முள் தைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஞானஸ்நானத்தன்று, அவள்தான் விட்டுக்கொடுத்தாள். பெயரில் என்ன இருக்கிறது, தீவையே விட்டு வந்தாயிற்று என்று நினைத்தாள். அதனால் மூத்தவள் லிகேரி ஆனாள், பள்ளிக்கூடத்தில் லில்லி ஆனாள். கலியோப்பி என்ற பெயர் மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவளுக்குப் போனது. பெயரை விட்டவள் கொக்கியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் கல்யாணத்தன்று அவள் இடுப்பில் அதைப் பூட்டவேண்டும் என்பது செவஸ்தியின் பல வருஷத்து ஆசை.

அடுத்த ஞாயிறு கல்யாணம். இன்று மெத்தை விரிக்கிற நாள். கல்யாணமாகாத பெண்கள் கூடி மணமக்களின் மெத்தைக்கு விரிப்பு போட்டு, மேலே அரிசியும் சர்க்கரை பாதாமும் தூவுவார்கள். சீர் சாமான்களைச் சுற்றிலும் பரப்பி வைக்க வேண்டும். மூன்று மணிக்குச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை மினாஸின் அம்மா அர்கோந்துலாவும் கார்ப்பதோஸ்காரிதான். நிச்சயதார்த்தத்தன்றே அவளிடம் செவஸ்தி வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது: தலையணை மேல் அம்மாவின் வெள்ளிக் கொக்கி இருக்கும் என்று. இன்று அது அங்கே இல்லாமல் போனால் நாளைக் காலையில் செவஸ்தி வேலை பார்க்கிற கோட்டுத் தொழிற்சாலை முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

லில்லி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, எனக்காக ஒண்ணும் சண்டை போட வேணாம். என் கல்யாண டிரஸ்ஸுல இடுப்பே கிடையாது. மார்புக்குக் கீழேயிருந்து நேரா கீழ விழுது. கொக்கிய எங்க மாட்டுறது?"

"ஒரு கச்சைய வச்சுத் தச்சுட்டாப் போச்சு. போப்பி தச்சுடுவா."

"அசிங்கமா இருக்கும்மா."

"வாய மூடு. நீ படிச்சவ, உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் செவஸ்தி.

கோயில் முடிந்து முற்றத்தில் பெண்கள் கூடியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கையில் பூசை ரொட்டித் துண்டோடு அர்கோந்துலா நேராக செவஸ்தியிடம் வந்தாள்.

"இன்னிக்காவது கொக்கியக் கண்ணால பாத்துடலாமில்ல, சம்பந்தியம்மா?"

செவஸ்தி வாயைத் திறப்பதற்குள் ரிகோபுலா குறுக்கே விழுந்தாள். "தாராளமாப் பாருங்க. எந்தப் பொண்ணு இடுப்புல பாக்கப்போறீங்கன்னு மட்டும் என் தங்கச்சிகிட்ட கேட்டு வச்சுக்குங்க."

சுற்றி நின்ற நாலு பெண்களும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"என்ன சொல்றாங்க உங்கக்கா?" என்றாள் அர்கோந்துலா.

"விமானத்துல வந்ததுலேர்ந்து அவளுக்குத் தலை சுத்தல். நீங்க கண்டுக்காதீங்க." செவஸ்தி சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததில் தாடை வலித்தது.

ரிகோபுலா அடங்குகிற வழியாக இல்லை. லில்லியின் கைப்பையையும் தொப்பியையும் சுமந்துகொண்டு ஒரு ஓரமாக நின்ற போப்பியைத் தோளைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "பாருங்க, அச்சு அசல் எங்கம்மா. பேரும் அவதான், நெத்தியும் அவதான்."

எல்லோரும் போப்பியைப் பார்த்தார்கள். வழக்கமாக யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிற பெண் அவள். இன்று குனியவில்லை. பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை செவஸ்தி பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. தன் வீட்டுப் பெண் இன்னொருத்திக்காக அப்படிச் சிரிக்கிறாளே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"போப்பி, முன்னால போய் அடுப்ப மூட்டு. கறி வேகணும்," என்று அதட்டினாள்.

போப்பி தொப்பியையும் பையையும் லில்லியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். லில்லிக்கு அதை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை, ஒன்றைக் கீழே போட்டாள்.

இரண்டு மணிக்கு மாடியில் மெத்தை தயாராகிவிட்டது. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. போப்பியின் கைவேலை அப்படி. லில்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சர்க்கரை பாதாம் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவஸ்தி தன் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் தகர டப்பா இருந்தது. டப்பாவில் பஞ்சு மட்டும் இருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நிமிஷம் கால் எப்படி ஓடியதென்றே தெரியவில்லை. ரிகோபுலாவுக்குக் கொடுத்திருந்தது போப்பியின் அறை. போப்பி மூன்று நாளாகக் கூடத்து சோபாவில் படுக்கிறாள். செவஸ்தி கதவை உதைத்துத் திறந்தாள். அக்காவின் பெட்டிகள் கட்டிலடியில் இருந்தன. ஒன்றை இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கறுப்புக் காலுறைகள், உலர்ந்த மூலிகைப் பொட்டலங்கள், ஒரு சாமி படம்.

"திருடி," என்று சத்தமாகவே சொன்னாள். "திருடி, திருடி."

இரண்டாவது பெட்டியையும் கவிழ்த்தாள். அதிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் விழுந்தது. தீவுப் பெண்கள் போடுகிற ஆட்டுத்தோல் பூட்ஸ். புத்தம் புதுசு, தோல் வாசனை கூடப் போகவில்லை. ரிகோபுலாவின் பாதத்துக்கு அதில் பாதி கூட நுழையாது. ஊரில் அதைச் செய்கிறவன் ஒருத்தன்தான். காலின் அளவு இல்லாமல் அவன் ஊசியைத் தொடமாட்டான். செய்து முடித்ததும் அளவுத் தாளை மடித்துப் பூட்ஸுக்குள்ளேயே செருகிக் கொடுப்பான். செவஸ்தி கையை விட்டு எடுத்தாள்.

தாளைப் பார்த்த கணமே அது எங்கேயிருந்து வந்ததென்று தெரிந்துவிட்டது. கோட்டு வெட்டுவதற்கு மாதிரி போடுகிற பழுப்புக் காகிதம். அவள் காஜா எடுக்கிற அதே தொழிற்சாலையில், அதே மாடியில், கோட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற பகுதியில் போப்பி வேலை செய்கிறாள். தாளில் இரண்டு பாதங்கள் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. இடது காலின் சுண்டுவிரல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இஸ்திரிப் பெட்டி விழுந்து உடைந்த விரல் அது.

கீழே போப்பியின் குண்டு குண்டான எழுத்து. "பெரியம்மா, கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வேன்." நவம்பர் மாதத் தேதி. இப்போது மே.

"கலைச்சாச்சா?" ரிகோபுலா வாசலில் நின்றாள். "நல்லது. நீயே மடிச்சு வச்சுடு. உனக்கு நல்லா மடிக்க வரும்."

செவஸ்தி பூட்ஸைத் தூக்கிக் காட்டினாள். "இது யாருக்கு?"

"உன் கையில இருக்கிற தாள் சொல்லலயா?"

"என் பொண்ணுக்கு நீ யாருடி பூட்ஸ் செய்ய? எங்க என் கொக்கி?"

"கொக்கி என்கிட்ட இருக்கு," என்றது இன்னொரு குரல்.

போப்பி வந்து நின்றாள். கையில் கடைசித் தலையணை உறை. நீலக் கவுனின் இடுப்பில் ஒரு பழைய துணிக் கச்சை, அதன் முன்னால் வெள்ளிக் கொக்கி. வேலை செய்து செய்து ஒடுங்கிய அந்த இடுப்பில் அது அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்திருந்தது.

"கழட்டு!"

"கழட்டறேன். ஒரு தடவை போட்டுப் பாக்கணும்னு தோணிச்சு, பாத்துட்டேன்." போப்பி கொக்கியை அவிழ்த்து அம்மாவின் கையில் வைத்தாள். "கொண்டுபோய் அக்கா தலையணை மேல வை. எனக்கு இது வேணாம்."

வெள்ளி உடம்புச் சூட்டோடு இருந்தது. அப்பாடா என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது செவஸ்திக்கு. பிறகுதான் அந்தத் தாள் இன்னும் மற்றக் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது. இந்தப் பெண் வேண்டாமென்று சொல்கிறாள் என்றால் வேறு எதையோ எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். செவஸ்திக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கொக்கியை ரிகோபுலாவின் காலடியில் விட்டெறிந்தாள்.

"இந்தா! எடுத்துக்க! இதுக்குத்தானே வந்த? எடுத்துக்கிட்டு இன்னிக்கே உன் தீவுக்குப் போய்ச் சேரு. தலையணை மேல ஒண்ணும் இல்லாட்டியும் போகுது. ஊரே சிரிக்கட்டும். என் பொண்ண விட்டுடு!"

ரிகோபுலா குனியவில்லை. "கொக்கிக்காக இந்த வயசுல நான் விமானம் ஏறுவேனா? எனக்குப் பொறந்தது மூணும் பசங்க. மூணும் கப்பல்ல கிடக்குதுங்க. அம்மா வீட்டுக்கு ஒரு கலியோப்பி வேணும். எனக்குப் பொண்ணு வேணும், செவஸ்தி."

"எதுக்கு? மாவு பிசையவா? தண்ணி சுமக்கவா?" செவஸ்தி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இவ பேச்ச நம்பாதடி. இவ உன்னை வேலைக்காரியா ஆக்கிடுவா. எனக்குத் தெரியும், நான் பட்டவ!"

"அம்மா, நான்தான் எழுதினேன்."

"என்ன எழுதின?"

"பெரியம்மா கூப்பிடல. என்னை வந்து கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் எழுதினேன். ஒரு வருஷமா எழுதிட்டிருக்கேன்."

செவஸ்தியின் கை தோளிலிருந்து நழுவியது.

"அப்ப எனக்குப் பதினாறு வயசு," என்றாள் போப்பி. இதுவரை அடக்கி வைத்திருந்த குரல் இப்போது நடுங்கியது, பயத்தில் அல்ல. "ஒரே ஒரு வருஷம் தொழிற்சாலைக்கு வா, அக்கா கல்லூரியில சேரணும்னு சொன்ன. ஒரு வருஷம் மூணு வருஷம் ஆச்சு. என் கூடப் படிச்சவங்க எல்லாம் பள்ளிக்கூடம் முடிச்சுட்டாங்க. சாயங்காலம் வந்தா அக்கா துணி, அக்கா சாப்பாடு, அக்கா விரிப்பு. அவ பரீட்சைக்குப் படிக்கிறான்னு நான் செருப்புச் சத்தம் கேக்காம நடந்தேன். இன்னிக்கு அவ மெத்தைய நான் விரிச்சேன். நாளைக்கு அவளுக்குக் குழந்தை பொறந்தா அதுக்குக் கழுவிவிடவும் நான்தான் போவேன். சொல்லும்மா, போகமாட்டேனா?"

"கூடப் பொறந்தவளுக்குச் செய்யறதுல உனக்கு என்னடி குறைஞ்சு போச்சு?"

வாயிலிருந்து அது வந்துவிட்டது. வந்த பிறகுதான் செவஸ்திக்குக் காதில் விழுந்தது. இதே வார்த்தை. பதினஞ்சு வயதில், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்து அவள் அழுதபோது அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்போடு.

ரிகோபுலாவுக்கும் அது கேட்டிருந்தது. அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் செவஸ்தி அவளைக் கொன்றிருப்பாள்.

"அது வேற, இது வேற," என்றாள் செவஸ்தி. குரல் ஏறவில்லை. "இது அமெரிக்கா. இங்க அதெல்லாம் கிடையாது. போப்பி, இங்க பாரு, அங்க போனா உனக்கு என்ன இருக்கு? பாறையும் ஆடும். நீ அங்க..."

"அங்க நான் மூத்தவம்மா," என்றாள் போப்பி. "இங்கதான் ரெண்டாவது."

கீழே வாசல் மணி அடித்தது.

மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அர்கோந்துலா எப்போதும் முன்னாலேயே வருகிறவள். அடுப்படி எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமே. பனாகோஸ் பின்கட்டில் ஒயின் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான், அங்கே மணிச் சத்தம் கேட்காது.

அடுத்த அறையிலிருந்து லில்லி குரல் கொடுத்தாள். "போப்பி! யாரோ வந்திருக்காங்க! போய்க் கதவத் திற!"

போப்பி அசையவில்லை. தலையணை உறையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். புது பூட்ஸில் ஒன்றை எடுத்து, அவசரமே இல்லாமல், இடது காலை உள்ளே விட ஆரம்பித்தாள். ரிகோபுலா முழங்காலிட்டு உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். தங்கையின் வீட்டுக்கு வந்த இந்த நாலு நாளில் அவள் யாருக்காகவும் குனிந்தது அதுதான் முதல் தடவை.

மணி மறுபடி அடித்தது.

"போப்பி!" என்று மறுபடி கத்தினாள் லில்லி. "காது கேக்கலயா?"

கொக்கி தரையில் கிடந்தது. செவஸ்தி அதைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகையா வியர்வையா என்று அவளுக்கே தெரியவில்லை, கோபம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அது அக்கா மேலா, மகள் மேலா, செத்துப்போன அம்மா மேலா என்று யோசிக்க அவகாசம் இல்லை. கதவைத் திறந்தாள்.

அர்கோந்துலா ஆறு பெண்களோடு படியில் நின்றாள். கையில் பெரிய தட்டு, வாய் நிறையச் சிரிப்பு.

"என்ன சம்பந்தியம்மா, அதிசயமா நீங்களே வந்து திறக்கிறீங்க?" என்றாள். "சின்னவ எங்க?"